காய்ச்சிப் போட்ட ரோட்டர்

அன்றைக்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். தோட்டத்துச் சாளை வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து, கிணற்று மோட்டரின் உறுப்புகளையெல்லாம் குடலை உருவிப் போட்ட மாதிரி பரப்பி, நடுவில் காளிச்சாமி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நாலைந்து பேர். வேலந்தாவளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற குப்பண்ணன் கயிற்றுக் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"செல்லா, சாயா ஆச்சா? ஒறம்பரைக எத்தன நேரம் குந்தியிருப்பாங்க?" என்று காளிச்சாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"எந்த ஊரு ஒறம்பரை தெனமும் கைய வீசிட்டு வருது," என்று செல்லாத்தாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். வெளியே இருக்கிற விருந்தாளிகளுக்குக் கேட்டிருக்காது. கேட்டால் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

சாயாவுக்கு வைத்த தண்ணீர் மிளகாய்ச் செடிக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர். விடிந்ததிலிருந்து கிணற்றில் வாளி விட்டுச் சேந்தி, குடத்தில் ஊற்றி, இடுப்பில் சுமந்துபோய், பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடிகளுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றியிருந்தாள். உச்சி வெயிலில் நிமிர்ந்து பார்த்தபோது முதலில் ஊற்றிய செடியின் அடி அதற்குள் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஒரு பாத்திகூட முழுசாக நனையவில்லை. மிளகாயை விட்டால் அந்த வருஷத்துக்கு அவர்களுக்கு வேறு வெள்ளாமை இல்லை. மேல்காட்டில் போட்ட சோளம் கார்த்திகையிலேயே கருகிவிட்டது.

தை பிறந்தால் அந்தப் பக்கத்தில் கிழக்குக் காற்று திரும்பிவிடும். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பி, வாளையார் மலைக்கும் தெற்கு மலைக்கும் நடுவே திறந்துகிடக்கிற கணவாயில் புகுந்து, ராவும் பகலும் நிற்காமல் அடிக்கும். உதடு வெடிக்கும். துவைத்த சேலை கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மொடமொடவென்று காயும். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு மேற்கே போய்விடும். அந்தக் கணவாய்க் காற்றைப் பிடித்துக் கரண்டாக்கிக் காட்டுகிறேன் என்றுதான் காளிச்சாமி கிளம்பினான்.

அவன் கிளம்பியதில் நியாயம் இருந்தது. அதை அவள் மறுக்கமாட்டாள். கரண்டுக் கம்பி வந்து முடிகிற கடைசித் தோட்டம் அவர்களுடையது. பகலில் மோட்டரைப் போட்டால் முனகும், சூடாகும், தண்ணீர் வராது. ஊரெல்லாம் தூங்கிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். காளிச்சாமி போன ஆடியில் தகரத்தை வெட்டி இறக்கை செய்து, சைக்கிள் டைனமோவில் பூட்டி, பனங்கம்பத்தின் உச்சியில் கட்டினான். சாயங்காலம் காற்று வீசியபோது சாளைக்குள் தொங்கிய சின்ன பல்பு மினுக்கென்று சிவந்து, பிறகு மஞ்சளாக எரிந்தது.

செல்லாத்தாள் அப்போது கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே எழுந்துபோய் பல்பின் அடியில் நின்றாள். காற்று கூடும்போது வெளிச்சம் கூடியது, குறையும்போது குறைந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. காளிச்சாமி அவளைப் பார்த்தான், பல்பைப் பார்க்கவில்லை. "எப்படி?" என்றான். அவள் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை என்று தோன்றியது.

இப்போது நினைத்தாலும் எரிச்சல் வந்தது அந்தச் சிரிப்பின்மேல்தான். அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் அவன் அதோடு நிறுத்தியிருப்பானோ என்னவோ.

பல்பைப் பார்க்க முதலில் வந்தவன் குப்பண்ணன். "மாப்ள, இது சைக்கிள் லைட்டுக்குத்தான் ஆகும். இதே வேலைய ஒரு மோட்டருல செஞ்சீன்னா ஊருக்கே கரண்டு குடுக்கலாம்" என்றான். மோட்டரைச் சுற்றிவிட்டால் அதுவே கரண்டு கொடுக்கும், ஆனால் உள்ளே சுற்றுகிற ரோட்டரில் காந்தம் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதையும் அவன்தான் கொண்டுவந்து போட்டான். அவனுக்கு மோட்டர் இல்லை. காளிச்சாமிக்கு இருந்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் மோட்டரைப் பிரித்தார்கள்.

"செடி பூ உட்ட நேரமுங்க. இப்பத் தொடாதீங்க. காய் புடுங்கினதுக்கப்பறம் என்ன வேணாலும் பண்ணுங்க," என்றாள் செல்லாத்தாள்.

"ரெண்டே நாளு. கழட்டறதும் மாட்டறதும் என்ன பெரிய காரியமா? சித்த இதப் புடி," என்றான் அவன்.

அவள் பிடித்தாள். ஈரச்சாக்கைச் சுற்றி, ரோட்டருக்கு நடுவே ஓடுகிற ஷாஃப்டின் ஒரு முனையை அவள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, குப்பண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்த மூன்று கொக்கி இழுவையை மறுபக்கம் மாட்டி, அவன் திருகைச் சுற்றினான். நரம்பு புடைக்கச் சுற்றினான். ஒரு நேரத்தில் டொப்பென்று சத்தம் வந்து, ரோட்டர் என்கிற அந்தப் பூசணிக்காய் கனத்து இரும்பு உருளை ஷாஃப்டைவிட்டு நகர்ந்தது. "பொறந்திருச்சு," என்று காளிச்சாமி சொன்னான். அதற்கும் அவள் சிரித்துத் தொலைத்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் மாட்டுவதும் கழட்டுவதும்தான். சித்தூர் சினிமாக் கொட்டகையில் கெட்டுப்போன ஒலிபெருக்கிகளை வாங்கி உடைத்துக் காந்தம் எடுத்தான். புளியங்கட்டையை உருட்டாகக் கடைந்து, குழி தோண்டி, காந்தங்களை வைத்து அரக்கை ஊற்றினான். அதை ஷாஃப்டில் ஏற்றி மோட்டருக்குள் விட்டால், காந்தம் சுற்றிலும் இருக்கிற இரும்பைக் கவ்விக்கொண்டு நின்றது. பனங்கம்பத்தில் பெரிய இறக்கை கட்டியும் காற்றால் அதை அசைக்க முடியவில்லை. கழட்டினான். கட்டையைச் சீவினான். மாட்டினான். இறக்கை ஒரு தடவை வேகமெடுத்தது. அன்றைக்கு அரக்கு இளகி ஒரு காந்தம் பிய்த்துக்கொண்டு உள்ளே அடித்தது. கழட்டினான். ஒவ்வொரு தடவையும் பார்க்க ஆள் வந்தது. ஒவ்வொரு தடவையும் சாயா.

செல்லாத்தாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சோறு போடும்போது சொன்னாள், மாட்டுக்குத் தீனி வைக்கும்போது சொன்னாள். எலை சுருண்டுக்குதுங்க. பூ உதிருதுங்க. பழசையே போட்டுட்டுத் தண்ணி உடுங்க. அவன் "ம்" என்பான். அவள் பேச்சு சாளைக்குள் அடிக்கிற காற்றைப்போல அவன் காதருகே போய்க்கொண்டிருந்தது. காற்றையாவது அவன் கவனித்தான்.

கடைசியில் அவனே சலித்து, பழைய ரோட்டரைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தான். அது ஏற மறுத்தது. மரக்கட்டை வைத்துத் தட்டினான். சுத்தியலால் தட்டினான். ஷாஃப்டின் முனை தட்டித் தட்டிக் காளான் மாதிரி விரிந்தது. அரத்தால் ராவிவிட்டு மறுபடி தட்டினான். நாலு நாள் அந்தச் சத்தம். குடத்தோடு கிணற்றுக்கும் பாத்திக்கும் நடக்கிற ஒவ்வொரு நடைக்கும் அந்த டங் டங் அவள் மண்டையில் இறங்கியது. நாலாம் நாள் குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆசாரி வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடறதில்லீங்களா? அதயாட்டம் காய்ச்சிப் போட்டுத் தொலைங்க. இல்லீனா கெணத்துல தூக்கி வீசுங்க. எனக்குத் தண்ணி வேணும்."

அவள் சொன்னது இரண்டு வழி. இரண்டையும் ஒரே வெறுப்போடுதான் சொன்னாள். ஆனால் காளிச்சாமியின் முகம் அந்த பல்பு மாதிரி வெளிச்சமானது.

பட்டை போடுவதைப் பார்க்காதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. வட்டமாக அடுக்கிய வறட்டியின் நடுவே இரும்புப் பட்டையைப் போட்டுத் தீ மூட்டுவார்கள். பழுத்ததும் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தில் இறக்கி, சுற்றி நின்று தண்ணீரைக் கொட்டுவார்கள். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்வும். ஆயுசுக்கும் கழலாது. காளிச்சாமியும் குப்பண்ணனும் அதையேதான் செய்தார்கள். அவள் மாட்டுச் சாணியில் தட்டி வைத்த வறட்டியில் முக்கால்வாசியை அடுக்கி, நடுவில் ரோட்டரை வைத்துக் கொளுத்தினார்கள். காற்று ஊதிக் கொடுத்தது. இரும்பு சிவந்தது. சாம்பலில் வெள்ளிச் சொட்டு மாதிரி ஏதோ வடிந்தது. "ஈயமா இருக்கும், ஒண்ணுமில்ல," என்றான் குப்பண்ணன்.

தூக்கி ஷாஃப்டில் இறக்கினார்கள். களியில் கை இறங்குகிற மாதிரி இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "தண்ணி, தண்ணி," என்று காளிச்சாமி கத்த, மிளகாய்க்கென்று அவள் சுமந்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் எடுத்துக் கவிழ்த்தார்கள். ஆவி மரத்து உயரம் கிளம்பியது. அடங்கிய பிறகு பார்த்தால், ரோட்டர் இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரக்கடை முன்னாலேயே, ஒருபக்கம் சாய்ந்து, கவ்விக்கொண்டு நின்றிருந்தது. இழுவைக்கும் வரவில்லை. சுத்தியலுக்கும் அசையவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற மத்தியாஸைப் போய்க் கூட்டிவந்தான். மத்தியாஸ் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவன். ரோட்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். முனை உருகி வழிந்த இடத்தை விரலால் தடவினான்.

"காய்ச்சினது தப்பில்லை, கேட்டோ. நாங்களும் சூடாக்கித்தான் ஏத்தறது. ஆனா எண்ணெயில வெச்சு, மெதுவா. ஏத்தி, எடம் பாத்து, தானா ஆற விடணும். நீங்க சாணித்தீயில போட்டு, உள்ளே இருக்கிற அலுமினியம் எல்லாம் ஓடிப்போச்சு. பச்சத்தண்ணி வேற ஊத்தி ஷாஃப்ட் வளஞ்சுபோச்சு. யாரு ஊத்தினது?"

காளிச்சாமி காலால் சாம்பலை ஒதுக்கினான்.

"இனி எப்போ ஓடுமுங்க?" என்று செல்லாத்தாள் கேட்டாள்.

"கோயமுத்தூர் போகணும். புது ஷாஃப்ட், புது ரோட்டர். மாசி கழியும் சேச்சி."

மாசி கழியும்போது மிளகாய்ச் செடி அடுப்புக்குத்தான் ஆகும். மத்தியாஸ் போன பிறகு அவள் வெகுநேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. மத்தியாஸ் சொன்னதில் முதல் வார்த்தை மட்டும் காதில் நின்றது. காய்ச்சினது தப்பில்லை. வெறுப்பில் துப்பிய பேச்சு எப்படியோ சரியாக இருந்திருக்கிறது. அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டாள்.

அடுத்த நாள் காளிச்சாமியின் அக்கா நாச்சம்மாள் வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழட்டவில்லை.

"ஏனாத்தா, மோட்டர அடுப்புல வெக்கச் சொன்னியாமா? உங்கூர்ல மோட்டரக் காய்ச்சித்தான் கொழம்பு வெப்பீங்களா?"

"யாரு சொன்னாங்க நங்கையா?"

"சந்தைல பூராப் பேச்சா இருக்குது. பொம்பள பேச்சக் கேட்டு எந்தம்பி மோட்டரத் தொலைச்சுப்போட்டான்னு. நீயாச்சும் புத்தி சொல்லக் கூடாதா அவனுக்கு?"

செல்லாத்தாள் கணவனைப் பார்த்தாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். காது கேட்டது அவனுக்கு. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"மத்தியாஸ் என்ன சொன்னாருன்னு உங்கக்காகிட்டச் சொல்லுங்க," என்றாள்.

"உடு. அக்கா சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுது," என்றான் அவன்.

சந்தையில் அதைச் சொன்னது அவன்தான் என்று அப்போது புரிந்தது. சொல்லும்போது சிரித்திருப்பான். "நான் என்னுங்க பண்ணட்டும், ஊட்ல சொன்னா, போட்டேன்." கேட்டவர்கள் அவன் தோளில் தட்டியிருப்பார்கள். பொங்கல் கழிந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரு வார்த்தையும் அவனுக்கு ஞாபகமில்லை. பூ உட்ட நேரம் என்றது இல்லை, தொடாதீங்க என்றது இல்லை. வாழ்நாளில் அவன் கேட்ட ஒரே ஒரு பேச்சு அது. அதைக்கூடத் தப்பை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்தது என்பதற்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறான்.

அன்று மத்தியானம் அவள் பரணில் ஏறிப் பழைய கவலை ஏற்றத்தின் சாலை இறக்கினாள். மோட்டர் வருவதற்கு முன்னால் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த இரும்புச் சால் அது. அதன் அடியில் தண்ணீர் விழுகிற தோல்தும்பி, எலி கடித்து, விறகு மாதிரி விறைத்துக் கிடந்தது. ஊறவைத்து, விளக்கெண்ணெய் போட்டு மிதித்து, ஓட்டைகளைத் தைத்தாள். கத்தாழை வடம் இற்றுப்போன இடங்களில் முடிச்சுப் போட்டாள். கிணற்றடியிலிருந்து மாடு இறங்கி நடக்கிற சரிவில் முள் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி ஒதுக்கினாள். கவலை ஓட்டிய மாடுகள் மோட்டர் வந்த வருஷமே போய்விட்டன. இருந்தது ஒரு கறவை மாடு மட்டும்தான். பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பனிடம் போய்க் கேட்டாள்.

"குடுக்கறதுக்கென்ன அம்மிணி. ஆனா என்ற மாடு வண்டி மாடு. கவலை பழகினதில்ல. பின்னால நடக்கத் தெரியாது. சரிவுல காலை ஒடிச்சுக்கும்," என்றான் அவன். "காளிச்சாமி என்ன பண்றான்?"

"ஒறம்பரைகளோட பழமை பேசறாருங்க மாமா."

நஞ்சப்பன் மாட்டுக்குத் தீனி போடத் திரும்பினான்.

கவலையைப் பூட்டி வைத்து, மாடில்லாமல் நிறுத்திய அடுத்த நாள்தான் இது. இந்தச் சாயா. இந்தச் சிரிப்பு.

தண்ணீர் கொதித்தது. செல்லாத்தாள் தேயிலை டப்பாவைத் திறந்தாள். வெளியே ஒரு புதுக்குரல் கேட்டது. எருத்தேம்பதிப் பக்கமிருந்து வந்த ஆள் போல.

"ஏனுங்க, இத எப்படிங்க தீயில வெக்கற ரோசனை வந்துது?"

குப்பண்ணன் சிரித்தான். "அதக் கேக்காதீங்க. பெரிய எடத்து ரோசனை."

"ஊட்ல சொன்னா," என்றான் காளிச்சாமி. "பொம்பள சொன்னதக் கேட்டா என்ன ஆகுமுன்னு நானும் தெரிஞ்சுக்கோணுமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்புகூட இல்லை. சாயாவுக்குக் காத்திருக்கிறவர்கள் நேரம் போகச் சிரிக்கிற சிரிப்பு. செல்லாத்தாள் டப்பாவை மூடினாள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவள் கையில் ஒன்றும் இல்லாததை முதலில் குப்பண்ணன்தான் பார்த்தான். "சாயா எங்க அம்மிணி?"

"சாயா இல்லீங்கண்ணா. தண்ணியில்ல."

"பாத்தியா மாப்ள, கோவம்."

"கோவமில்லீங்க." அவள் கணவனைப் பார்த்தாள். குரல் ஏறவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஏனுங்க, என்ற பேச்சக் கேட்டுத்தான அதக் காய்ச்சுனீங்க?"

காளிச்சாமி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். கூட்டத்தின் முன்னால் வேறென்ன செய்வான்.

"இத்தன பேரும் சாட்சி. நான் சொன்னா நீங்க கேப்பீங்க. அப்ப இன்னொண்ணு சொல்றனுங்க, அதையுங் கேளுங்க. கவலை பூட்டி வெச்சிருக்கறேன். மாடு இல்ல. எந்திரிச்சு வந்து நுகத்தப் புடிங்க."

"என்னது?"

"அண்ணா, நீங்களுந்தான். ஊருக்கே கரண்டு குடுக்கலாமுன்னு சொன்னீங்கல்ல? என்ற பாத்திக்கு மட்டும் தண்ணி குடுங்க போதும். எருத்தேம்பதிக்காரரு புதுசு. அவரு வேணுமுன்னா நெழல்ல குந்தியிருக்கட்டும்."

"பைத்தியமா செல்லா உனக்கு? ஆளு இழுக்கறதா அது?" காளிச்சாமியின் சிரிப்பு இப்போது முகத்தில் இல்லை.

"மோட்டரக் காய்ச்சறதுக்கும் ஆளுங்கதான வந்தாங்க. அன்னைக்கு எத்தன பேரு ஓடி ஓடித் தண்ணி ஊத்துனீங்க. ரெண்டு கொடம். என்ற இடுப்புல வந்த தண்ணி அது."

காற்று சாக்கின் ஓரத்தை மடக்கி அடித்தது. அவள் திரும்பிக் கிணற்றடியைப் பார்த்து நடந்தாள். பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். வராவிட்டால் தானே ஒற்றையாக நுகத்தை நெஞ்சில் வைத்து இழுப்பது என்றும், அதை இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்றும் நினைத்தாள். முதலில் செருப்புச் சத்தம் கேட்டது எருத்தேம்பதிக்காரருடையது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. குப்பண்ணன் கடைசியாக எழுந்தான். கட்டில் கிரீச்சென்றது.

நுகத்தடியின் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், நடுவில் காளிச்சாமி. நெஞ்சில் வைத்துச் சரிவில் இறங்கினார்கள். முதல் தடவை சால் பாதி கிணற்றில் ஆடி, சுவரில் மோதி, தண்ணீரைக் கொட்டியது. "ஒரே சீரா நடங்க," என்று செல்லாத்தாள் மேலிருந்து சொன்னாள். அடுத்த தடவை சால் விளிம்புக்கு வந்தது. தும்பி விரிந்து வாய்க்காலில் தண்ணீர் தொபுக்கென்று விழுந்தது. காய்ந்த வாய்க்கால் முதல் இரண்டு சாலைச் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. பிறகுதான் ஓட ஆரம்பித்தது.

அவள் மம்பட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள். தண்ணீர் சருகையும் எறும்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. மடையைத் திறந்துவிட்டாள். செடியின் அடியில் வெடித்த மண் நுரைத்துக்கொண்டு மூடியது. ஒரு வாசனை எழும்பியது. கோபம் அதில் கரையும் என்று எதிர்பார்த்தாள். கரையவில்லை. நல்லது என்று பட்டது. கரைந்தால் வேலை நின்றுவிடும்.

மூன்றாவது பாத்தி நிறைகிற நேரத்தில் காளிச்சாமி வரப்போரமாக வந்து நின்றான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான்.

"பொக்களிச்சுப் போச்சு செல்லா."

அவள் மடையை அடைத்தாள். "மத்தியாஸ் என்ன சொன்னாருங்க?"

அவன் பாத்தியைப் பார்த்தான்.

"மொதல் வார்த்தை என்ன?"

"காய்ச்சினது தப்பில்லைன்னு," என்று அவன் மெதுவாகச் சொன்னான். கிழக்குக் காற்று அந்தப் பேச்சைப் பிடுங்கி, கிணற்றடிக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனது.

"எனக்குத் தெரியுமுங்க. நான் அங்கதான நின்னுட்டிருந்தேன்." மம்பட்டிக் காம்பால் கிணற்றடியைக் காட்டினாள். "அவியகிட்டப் போய்ச் சொல்லுங்க. தண்ணி ஊத்துனது யாருன்னும் சொல்லுங்க. சந்தைல நான் அப்பறம் வந்து கேட்டுக்கறேன்."

அவள் அவனைப் பார்க்காமல் அடுத்த மடையை வெட்டினாள். ஈர மண்ணில் அவன் கால் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவன் கிணற்றடியில் நுகத்தின் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. குப்பண்ணன் தலையைத் திருப்பி அவள் இருந்த பக்கம் பார்த்து, உடனே குனிந்துகொண்டது மட்டும் தெரிந்தது.

சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று மம்பட்டியை ஊன்றி நின்று கேட்டாள். வரவில்லை. வடம் முறுகுகிற சத்தம்தான் வந்தது. கிழக்கே இன்னும் ஏழெட்டுப் பாத்தி காய்ந்து கிடந்தது. அவள் அந்தப் பக்கத்து வாய்க்காலைத் திருப்பிவிடப் போனாள்.